வீட்டுக்கு வராத கார்

போன வருஷக் கடைசியில் ஒரு கார் வாங்க வேண்டி வந்தது. இருந்த கார் 17 வருஷம் ஓடிவிட்டது. எனக்கு 65 வயது. இனி வாங்குவது கடைசிக் காராகவே இருக்கும் என்ற நினைப்பு எப்படியோ உள்ளே நுழைந்து, ஒரு சாதாரண லௌகீக விஷயத்தைப் பெரிதாக்கிவிட்டது. இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் பெரும்பாலும் பஸ்ஸில் போகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். கடைசியில் விஷயம் காரோடு நிற்கவில்லை.

இரண்டு கார்களைப் பார்த்தேன். ஒன்று வேகன் ஆர். கூரை உயரம், இருக்கை நாற்காலி மட்டத்தில். குனியாமல் ஏறி, முனகாமல் இறங்கலாம். மூட்டை முடிச்சுக்கு இடமுண்டு. எந்த ஊரில் நின்றுபோனாலும் அதைத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருப்பார். இன்னொன்று மூன்று கதவு தார். ஜீப் ஜாதி. காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும். பின் இருக்கைக்குப் போக முன் இருக்கையை மடித்து, அந்தச் சந்து வழியாக நுழைய வேண்டும். நாலு பேர் உட்கார்ந்த பிறகு ஒரு பெரிய பெட்டியை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்தே அதில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். இறங்க மனம் வரவில்லை.

யோசனை கேட்ட எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். வங்கியில் உடன் வேலை பார்த்தவர் சிரித்தார். பெங்களூரிலிருக்கும் மகன், 'நிஜமாவா சொல்றீங்கப்பா?' என்றான். ஒரு நண்பர் மட்டும், கவிஞர், தாரை வாங்கு என்றார். அவர் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. ஆசைக்கு எப்போதும் இப்படிப்பட்டவர்களின் ஆதரவுதான் கிடைக்கிறது.

ராத்திரி ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இந்தப் பக்கம் இதற்கான காரணங்கள், அந்தப் பக்கம் அதற்கானவை. கோட்டைப் போட்டு முடித்ததும் இதே மாதிரி ஒரு கோட்டை அப்பா போட்டது நினைவுக்கு வந்தது. அது 1971.

அப்பா தென்காசியில் வக்கீல். அந்த நாளில் கார் வாங்க நினைப்பவனுக்கு ரொம்பவும் குழம்ப வழியில்லை. ஐம்பதுகளின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இங்கே கடையைக் கட்டிவிட்டுப் போன பிறகு, சாதாரணமாகத் தெருவில் தென்பட்டவை மூன்று. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாஸடர், பம்பாயின் ஃபியட், சென்னைக்கு வெளியே, வண்டலூர்ப் பக்கம் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுமே இரவல் உருவங்கள். அம்பாஸடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. ஃபியட் இத்தாலியக் கார். ஹெரால்டு இங்கிலாந்தில் 1959இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு. அதை வரைந்தவர் மிக்கேலொத்தி என்ற இத்தாலியர். புதுக் காருக்குப் பதிவு செய்தால் வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே அப்பாவைப் போன்றவர்கள் யாரோ ஓட்டிய காரைத்தான் வாங்கினார்கள்.

அந்த ஆனி மாதம் எங்கள் ஊரில் இரண்டு கார்கள் விலைக்கு வந்தன. ஒரு மர வியாபாரியின் அம்பாஸடர். சென்னைக்குக் குடிபெயரவிருந்த ஒரு டாக்டரின் ஹெரால்டு. இரண்டு கதவு, வெளிர் நீலம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்பா ஒரு பழைய கேஸ் கட்டின் தாளைத் திருப்பிப் போட்டு நடுவில் கோடு கிழித்தார். அம்பாஸடரின் பக்கம் 14 காரணங்கள். ஆச்சி ஏறி இறங்கத் தோது. அத்தைகள் வந்தால் எல்லோரும் போகலாம். முன்னால் பெஞ்சு இருக்கை, ஸ்டீயரிங் ஓரத்திலேயே கியர், ஆகவே முன்னாலும் மூன்று பேர். நெல் மூட்டை போடலாம். மேடு பள்ளம் தாங்கும். உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும். கட்சிக்காரர்கள் மத்தியில் மதிப்பு. திருப்பி விற்றால் விலை. இப்படியே போயிற்று. ஹெரால்டின் பக்கம் ஒன்றே ஒன்று எழுதியிருந்தார்: 'நன்றாக இருக்கிறது.' அந்தத் தாள் வெகுநாள் அவர் மேஜைமேல் கிடந்தது. 11 வயதில் அதை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

பிற்பாடு விமர்சனம் எழுத ஆரம்பித்தபோது அந்தத் தாளைப் பற்றி அடிக்கடி யோசித்திருக்கிறேன். எல்லோருக்கும் இடம் விட்டு எழுதப்பட்ட ஒரு நாவலுக்கு 14 காரணங்களை யாரும் சொல்லிவிடலாம். கதை இருக்கிறது, காலம் இருக்கிறது, சமூகம் இருக்கிறது, பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் ஏறிக்கொள்ளலாம். நம்மைப் பிடித்து உலுக்கிய எட்டு வரிக் கவிதைக்கு ஒரு காரணம்தான் இருக்கும். அதையும் விரித்துச் சொல்ல முடிவதில்லை. காரணங்களை எண்ணித் தீர்ப்புச் சொல்கிறவனுக்கு இது ஒரு அவஸ்தை. அப்பா எண்ணித் தீர்ப்புக் கேட்கிற தொழிலில் இருந்தவர்.

ஆனால் தீர்ப்புக்கு முன்னால் ஒருநாள் ஹெரால்டை ஓட்டிப் பார்த்தார். நானும் போனேன். முன் இருக்கையைச் சாய்த்து என்னைப் பின்னால் தள்ளினார்கள். டாக்டர் ரத வீதியில் வண்டியை ஒரே மூச்சில் திருப்பிக் காட்டினார். 25 அடி வட்டத்துக்குள் அது திரும்பிவிடும். பிறகு இறங்கி எஞ்சினைக் காட்டினார். மூடியை மட்டும் தூக்கவில்லை. முன்பகுதி மொத்தமும், மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்தே, முதலை வாயைப் பிளப்பதுபோல முன்னோக்கிச் சாய்ந்தது. சுற்றிலும் கண்ணாடி. அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தார். சாரல் சற்று விட்டிருந்த நேரம். செங்கோட்டை, புளியரை தாண்டி மலை ஏறி ஆரியங்காவு வரை போய்த் திரும்பினோம்.

மலையடிவாரத்தில் டாக்டர் அப்பாவுக்கு ஒரு எச்சரிக்கை சொன்னார். ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஒரே அச்சில் கோத்தவை அல்ல. நடுவிலிருந்து இரண்டு அரை அச்சுகள் தனித்தனியாக, சிறகு மாதிரி, மேலும் கீழும் அசையும். வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஓட்டுகிறவன் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், வண்டியின் பின்பகுதி எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கிப் பிடிமானத்தை இழந்துவிடலாம். 'மெதுவாக்கணும்னா வளைவுக்கு முன்னாலேயே மெதுவாக்கிக்கிடணும் சார். உள்ளே போனப்புறம் பயந்து காலை எடுக்கக் கூடாது' என்றார். அப்பா பயந்த சுபாவம். மழை பெய்தால் கோர்ட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்புகிறவர். புளியரைக்கு மேலே ஒரு வளைவில் அவர் காலை எடுக்கவில்லை என்பது எனக்கு எஞ்சின் சத்தத்திலிருந்து தெரிந்தது. வளைவைத் தாண்டியதும் சிரித்தார். டாக்டரைப் பார்த்தோ என்னைப் பார்த்தோ அல்ல, ரோட்டைப் பார்த்து. அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் அவரிடம் பார்த்ததில்லை.

அந்த வாரமே அம்பாஸடர் வந்துவிட்டது.

ஹெரால்டு ஏன் அவ்வளவு கிளர்ச்சி தந்தது என்று பிற்பாடு படித்துப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அதன் எஞ்சின் 948 சி.சி.; அம்பாஸடருடையது 1489. பலத்தில் சின்னவன். இங்கிலாந்தில் அது பந்தயக் காரும் அல்ல, பணக்காரக் காரும் அல்ல. சாதாரணக் குடும்பங்களுக்கான சிறிய கார். சட்டென்று திரும்பும் என்பதால் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் ஏற்றது. அதன் கட்டுமானம்கூட ஒரு சமாளிப்புத்தான். முழு உடலையும் ஒரே கூடாக அச்சடித்துத் தரக்கூடிய தொழிற்சாலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டதால், தனிச் சட்டகத்தின்மேல் துண்டுதுண்டாக போல்ட் போட்டு முடுக்கினார்கள். அங்கே தோதான காராக இருந்தது தென்காசிக்கு வந்ததும் ஆசைக் காராகிவிட்டது. ஆக, தோதும் ஆசையும் காரின் குணங்கள் அல்ல. எந்த ஊரில், எத்தனை பேருக்கு நடுவில் அது நிற்கிறது என்பதைப் பொறுத்தவை.

அது கடைசியில் போன வழியும் சுவாரசியமானது. இங்கிலாந்தில் ஹெரால்டை 1971இல் நிறுத்திவிட்டார்கள். இங்கே நாலு கதவு வைத்துப் பார்த்தார்கள். பிறகு 1972இல் கெஸல் என்று பெயர் மாற்றி, அந்தச் சிறகு அச்சுகளை எடுத்துவிட்டு, நம் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான ஒற்றை அச்சைப் பொருத்தினார்கள். புத்தி வந்த ஹெரால்டு. 1977இல் அதுவும் நின்றுபோனது. தோதான கார் வேண்டும் என்பவனுக்கு அம்பாஸடர் ஏற்கெனவே இருந்தது. ஹெரால்டை விரும்பியவனுக்கு இதில் விரும்ப அவ்வளவாக எதுவும் மிச்சமில்லை. அம்பாஸடர் 2014 மே மாதம் வரை உருண்டது.

எங்கள் வீட்டு அம்பாஸடர் 1994 வரை இருந்தது. 23 வருஷம். இரண்டு அக்காமார்களின் கல்யாணத்துக்கு ஓடியது. ஆச்சியை ராமேஸ்வரம் கொண்டுபோயிற்று. குற்றாலத்துக்கு ஒரே நடையில் 11 பேரை ஏற்றிப் போயிருக்கிறது. நெல் வந்தது, உரம் வந்தது, ஒருமுறை கன்றுக்குட்டி வந்தது. இவ்வளவும் நினைவிருக்கிறது, காரை மட்டும் நினைவில் கொண்டுவர முடிவதில்லை. அதன் உள்நிறம் என்ன என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. உபயோகமான பொருள் உபயோகத்திலேயே கரைந்துவிடுகிறது போலும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்த ஹெரால்டில் ஜன்னல் கைப்பிடி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதுகூட எனக்குத் தெரியும்.

இதை வைத்து இருபது வயதில் ஒரு கவிதை எழுதினேன். இப்போது இல்லாத ஒரு பத்திரிகையில் வந்தது. அதில் அப்பா தியாகி, அம்பாஸடர் அவர் சுமந்த சிலுவை. மோசமான கவிதை என்பதை அப்போதே ஒருவர் எழுதினார். ஆனால் கவிதையைக் கைவிட்டேனே தவிர அதிலிருந்த எண்ணத்தை நான் கைவிடவில்லை. ஆசைப்பட்டதை விட்டுவிட்டு மற்றவர்களுக்காக வாழ்ந்த மனிதர் என்றே அப்பாவைப் பற்றி 1996இல் அவர் காலமான பிறகும் நினைத்து வந்தேன்.

கோடு போட்ட தாளோடு நான் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரி, அம்மா தூங்காமல் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவளுக்கு இப்போது 86. திருநெல்வேலியில் என்னோடுதான் இருக்கிறாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். பேச்சு அந்த நீலக் காருக்குப் போயிற்று.

'அந்த டாக்டர் காரா? நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு பேரு போற காரு' என்றாள்.

'நாலு பேர் உட்காரலாம்மா.'

'உக்காரலாம். ஆனா அது ரெண்டு பேரு போற காருதான்.'

அப்பா அதை விட்டுக்கொடுத்தது பெரிய விஷயம் என்பதுபோல ஏதோ சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: 'உங்கப்பா ஒரு தாள்ல எழுதி வச்சிருந்தாவல்லா, மேசை தொடைக்கையில நானும் பாத்தேன். உங்க ஆச்சி பேரு இருந்துச்சு. அத்தைக பேரு இருந்துச்சு. நெல்லு மூடைகூட இருந்துச்சு. எம் பேரு இல்ல.'

இதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாளை நானும்தான் படித்தேன், பலமுறை. இல்லாத பெயர் என் கண்ணில் படவில்லை.

யோசித்துப் பார்த்தால், அம்பாஸடரின் முன் இருக்கையில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முன்னால் அப்பா, தாத்தா, யாராவது ஒரு மாமா. அம்மா பின்னால், ஆச்சிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, மடியில் ஒரு குழந்தையோ கூடையோ வைத்துக்கொண்டு. 23 வருஷமும் அப்படித்தான். ஹெரால்டு வந்திருந்தால் ஒருநாளாவது அவர்கள் இரண்டு பேர் மட்டும் ஆரியங்காவு வரை போயிருக்கக்கூடும். போயிருக்க மாட்டார்கள் என்றும் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சின்னக் காரில் மற்றவர்களை ஏற்றாமலிருக்க ஒரு நியாயமான சாக்காவது இருந்திருக்கும். அம்மா பார்த்தது அதைத்தான். அப்பாவின் 'நன்றாக இருக்கிறது' என்பதற்குள் என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை. ஒருவேளை அவளும் இருந்திருக்கலாம். அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

நான் இதையெல்லாம் இப்படிக் கட்டிக்கொண்டு போவது தெரிந்தவள்போல அம்மா மறுபடி பேசினாள்: 'ஆனா எங்க அம்மா விழுந்தன்னைக்குப் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனது இந்தக் கார்லதானய்யா. பின்னால நீட்டிப் படுக்கப்போட்டு எம் மடியில தலைய வச்சுக்கிட்டேன். ஆலங்குளம் தாண்டுற மட்டும் எங்கிட்டப் பேசிக்கிட்டே வந்தா. அந்த நீலக் கார்ல எங்கன படுக்க? அது வேணும்னா இது கெடையாது. ரெண்டும் கெடைக்கும்னு யாரு சொன்னா?'

விமர்சனம் என்று இத்தனை வருஷம் எழுதியிருக்கிறேன். எடை போட்டு, எந்தத் தட்டும் தாழாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க என்னால் முடிந்ததில்லை.

என் தாளுக்கு வருகிறேன். தார் மீதான என் ஆசையையும் சோதித்துப் பார்த்தேன். அது முழுக்க என்னுடையதா? ஜீப் யுத்தத்துக்காகப் பிறந்த வண்டி. சேற்றிலும் மலையிலும் சாமான் இழுத்தது.  எண்பது வருஷம் கழித்து அதன் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு சாகசம் என்று விற்கிறார்கள். நான் ஒருபோதும் போகாத ஆற்றுப்படுகைகளின் படங்களைப் பார்த்து எனக்கு வந்த ஆசை அது. 2024இல் அதற்கும் ஐந்து கதவு வைத்துவிட்டார்கள். கெஸலைப்போல நின்றுபோகுமா, அம்பாஸடரைப்போல ஓடுமா என்பது தெரிய நாளாகும். இன்னொரு பக்கம், அம்பாஸடரை இன்று தேடிப் பிடித்துச் சாயம் பூசி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஓட்டுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஆசைக் கார். இவ்வளவையும் சொன்ன பிறகும், அந்தத் தாரில் உட்கார்ந்தபோது நான் சிரித்தது பொய்யில்லை. ஆசை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் ஆசை போய்விடும் என்பது அறிவாளிகளின் மூடநம்பிக்கை.

வேகன் ஆர்தான் வாங்கினேன். அம்மாவால் தாரில் ஏற முடியாது, அவ்வளவுதான் காரணம். தியாகம் என்றெல்லாம் யாரும் கவிதை எழுத வேண்டாம். முதல் நாள் அம்மாவை முன்னால் உட்கார வைத்தேன். தென்காசி வரை போய் வந்தோம். வழியெல்லாம் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு பெரிய பிசகைத் திருத்திவிட்டதுபோல எனக்குச் சந்தோஷம். பாவூர்ச்சத்திரம் தாண்டியபோது உள்கண்ணாடியில் பார்த்தேன். மனைவி பின்னால், ஜன்னலோரம், மடியில் பழக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

அன்று ராத்திரி என் தாளை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் முழங்கால் இருந்தது. மகன் வந்தால் பெட்டி வைக்க இடம் இருந்தது. பேரனின் இருக்கை இருந்தது. பெட்ரோல் கணக்கு இருந்தது. மற்றவர்களுக்காக என்று போடுகிற பட்டியலிலும் சிலர் விட்டுப்போகிறார்கள். தூரத்தில் இருப்பவர்கள் விட்டுப்போவதில்லை.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது மனைவியிடம் கேட்டேன்: உன்னைக் கேட்டிருந்தால் எந்தக் காரைச் சொல்லியிருப்பாய்?

'எந்தக் கார்னு சொல்லியிருக்க மாட்டேன்' என்றாள். 'எனக்கு ஓட்டச் சொல்லித் தருவீங்களான்னு கேட்டிருப்பேன்.'

37 வருஷத்தில் ஒருமுறைகூட அவள் இதைச் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

எல்.எல்.ஆர். வாங்கியாகிவிட்டது. தினமும் காலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் காலி மைதானத்துக்குப் போகிறோம். அவள் ஓட்டுகிறாள். வளைவுக்கு முன்னால் மெதுவாக்கு, உள்ளே போன பிறகு பயப்படாதே என்று சொல்லிக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பிரேக் என் காலுக்கு எட்டுவதில்லை.